மூங்கில் சிராய் வைத்த புத்தகம்

"அதுல ஆள் இருக்கு, தம்பி" என்றார் பக்கிரிசாமி அண்ணன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ ஒருவரின் பிடரியில் கத்தியை வைத்துச் சீராக இறக்கிக்கொண்டிருந்தார். நான் செய்ததெல்லாம் பெஞ்சில் இருந்து எழுந்து, சுவரோரம் கட்டியிருந்த நைலான் கயிறு வரைக்கும் போய்க் கையை நீட்டியதுதான். கிளிப்பில் தொங்கிய படக்கதைப் புத்தகத்தை இன்னும் தொடவில்லை.

எங்கள் மலையில் பிரிஞ்சாங் ஊர்க் கடைவரிசையின் கோடியில், தகரம் சாய்த்துக் கட்டிய முடிவெட்டும் கடை அது. ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அடுப்பில் வெந்நீர் முனகிக்கொண்டே இருக்கும். வெளியே பனி இறங்கினால் உள்ளே கண்ணாடி வேர்த்துவிடும். அண்ணன் அதைத் துடைத்துத் துடைத்து வெட்டுவார். கடை முழுக்கச் சவர்க்காரமும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாசம்.

நான் கை நீட்டிய புத்தகத்தின் அட்டையில் ஒரு கப்பல் சாய்ந்து கிடந்தது. மேல் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் "இரண்டாம் பாகம்". முதல் பாகம் என்னிடம் இருந்தது. துப்பறியும் நாயகனைக் கப்பலின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத் "தொடரும்" போட்டிருந்தார்கள்.

இரண்டாம் பாகம் வந்த மாதம், மலைக்கு ஏறி வரும் சாலையான தாப்பா சடக்கில் மண் சரிந்தது. பஸ் நின்றுபோய், புத்தகக் கட்டு மழையில் நனைந்து, மலைக்கு மேலே உருப்படியாக வந்து சேர்ந்தவை கொஞ்சம்தான். நான் போய் நின்றபோது தானா ராத்தா மளிகைக்கடைக்காரர் கையை விரித்தார். கடைசிப் பிரதியைப் பக்கிரிசாமி அண்ணன் தம்முடைய கடைக்கு வாங்கிப் போயிருந்தார்.

அந்தப் பிரதிதான் இது. அதன் நடுவில் இருந்து மெல்லிய மூங்கில் சிராய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

தீக்குச்சியும் வெற்றிலைக் காம்பும்

"ஆள் இருக்கு" என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடையில் படிப்பது காத்திருக்கும் நேரத்தில் மட்டும்தான். முறை வந்ததும் புத்தகத்தைக் கயிற்றில் மாட்டிவிட்டு நாற்காலிக்குப் போக வேண்டும். வெட்டி முடித்தபின் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தால், அண்ணன் விளக்குமாற்றை எடுத்து வந்து அந்த ஆளின் காலடியிலேயே முடியைக் கூட்ட ஆரம்பிப்பார். ஆகவே ஒரு கதையை ஒருவர் முடிக்கச் சில மாதங்கள்கூட ஆகும்.

நிறுத்திய இடத்தில் ஆளுக்கொரு அடையாளம் வைப்பார்கள். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் மிஷின் ஓட்டுபவர் தீக்குச்சி வைப்பார். எங்கள் கங்காணி வெற்றிலைக் காம்பு. காய்கறி லோரிக்காரர்கள் கூடையில் இருந்து பெயர்த்த மூங்கில் சிராய். ஓர் அடையாளம் உள்ளே இருந்தாலும் அந்தப் புத்தகத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்து படிக்கத் தடையில்லை; கொண்டுபோக யார் கேட்டாலும் அண்ணன் கொடுக்க மாட்டார்.

எல்லா அடையாளமும் வெளியே வந்த பிறகு புத்தகம் கயிற்றை விட்டு இறங்கி, பெஞ்சுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குப் போகும். என்னைப் போலப் படக்கதை சேர்ப்பவர்கள் அப்போதுதான் வாய் திறக்கலாம். காசைக் காட்டக் கூடாது. "வாடிக்கைக்கு வெச்ச பொருளுக்கு வெல கேக்குறியா?" என்று ஒருவரைப் பாதிச் சவரத்தில், முகத்து நுரையோடு எழுப்பி அனுப்பியதாகக் கடையில் ஒரு கதை உலவியது. அதே தடிமனில் இன்னொரு புத்தகத்தைக் கொண்டுபோய், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். அதையும் முடி வெட்டிக்கொள்ளும் நாளில்தான் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கதையின் முடிவைக் கடைக்குள் யாரும் சொல்லக் கூடாது.

இதனால் அந்த வருஷம் நான் அடிக்கடி முடி வெட்டிக்கொண்டேன். அம்மா ஒருநாள் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆபீஸ் வேலை என்றால் தலையை இப்படித்தான் வைத்திருக்க வேண்டுமா என்று அப்பாவிடம் கவலையோடு விசாரித்தார்.

மளிகைக்கடையில் நிற்கும் விதம்

புதுப் புத்தகம் வாங்கும் மளிகைக்கடையிலும் இப்படித்தான். அதற்கு வேறு மாதிரி மரியாதை.

கட்டு பஸ்ஸில் வந்து இறங்கியதும் ஓடிப்போய் நிற்கக் கூடாது. "வந்துடுச்சா?" என்று கேட்கவே கூடாது. கடைக்காரருக்கு முழங்கால் வலி. முதலில் அதை விசாரிக்க வேண்டும். பிறகு பருப்போ புளியோ ஏதாவது வாங்க வேண்டும். காத்திருப்பவர்களுக்கெல்லாம் அரிசி அளந்து போட்ட பிறகுதான் அவர் கட்டின் கயிற்றை அறுப்பார்.

மேலே இருக்கும் பிரதியைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் இருந்து உருவினால், மேலே இருப்பது மட்டமான சரக்கு என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஆனால் எங்கள் மலையின் ஈரத்தில் புத்தகத்தைத் தைத்திருக்கும் கம்பி ஊக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதைப் பார்க்காமல் வாங்கவும் மனசு வராது. விலையைப் பார்ப்பது போல ஊக்கைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அவர் புத்தகத்தை இரண்டாக மடித்து, ரப்பர் வளையம் போட்டு, வலது கையால் கொடுப்பார். அது அவர் செய்யும் மரியாதை. சேர்த்து வைக்கும் எங்களுக்கோ அட்டையில் மடிப்பு விழுந்துவிடுமே என்ற கவலை. முதல் தடவை நான் அவர் கண் முன்னாலேயே வளையத்தைக் கழற்றி நிமிர்த்திவிட்டேன். "என்னா, நான் மடிச்சது புடிக்கலையா?" என்றார். அதிலிருந்து பஸ் நிலையத்து மூலை திரும்பும்வரை நடந்து, பிறகுதான் நிமிர்த்துவேன்.

சென்ற வாரம் இந்தத் தொடரில், எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக எனக்கு நாற்காலி கிடைத்ததைச் சொல்லியிருந்தேன். என் பெற்றோர் இருவரும் கொழுந்து பறிப்பவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அச்சடித்த காகிதம் எதுவாக இருந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். துப்பாக்கியோடு பாயும் முகமூடிக்காரன் படம் போட்ட அட்டையையும் அப்படித்தான் பயபக்தியோடு ஒற்றினார். பரீட்சைக்கு உள்ளதா என்று கேட்டார். கதை என்றேன். உள்ளே புரட்டிவிட்டு, கதைக்கு எதற்கு இத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்றார்.

புத்தகங்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தேன். ஈரம் தாக்காமல் இருக்க, பழைய வேட்டித் துணியில் தேயிலைத் தூளை முடிந்து உள்ளே போடுவேன். தகரத்தைத் திறந்தால் கதைகளில் தேயிலை மணக்கும்.

முட்டைக்கோஸ் லோரி

கப்பல் புத்தகத்தில் மற்ற அடையாளங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிட்டன. மூங்கில் சிராய் மட்டும் அசையவில்லை. யாருடையது என்று அண்ணனிடம் கேட்டேன். "திரிங்காப்ல இருக்குற மணியம். முட்டைக்கோஸ் லோரி ஓட்டுறானே, அவன்தான். முடி வெட்ட வந்து மாசக்கணக்காச்சு" என்றார்.

மணியம் அண்ணனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பிரிஞ்சாங் சந்தைக்குப் பின்னால் லோரியில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். முடி தோளைத் தொட்டிருந்தது. தாடி வேறு. இளைஞர்கள் காதை மூடி முடி வளர்த்த காலம் அது. இவரும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். எப்படியாவது ஒரு தடவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் போதும் என்பது என் கணக்கு.

"முடி ரொம்ப வளந்துடுச்சே, அண்ணே. பக்கிரி அண்ணன் உங்களைத் தேடுறாரு."

"அவரு எங்க தேடுறாரு? நீதானே தேடிக்கிட்டு வந்திருக்க" என்று சிரித்தார். "என்னா வேணும்? நேராச் சொல்லுலா."

சொன்னேன். அவருக்கு முதலில் எந்தப் புத்தகம் என்றே புரியவில்லை. கப்பல் என்றதும் நெற்றியைச் சுருக்கினார்.

"ஓ, அதுவா. தண்ணி இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சு. பூட்டை ஒடைக்கப் பாக்குறான். அங்கதான் வெச்சேன்."

கையில் இருந்த கூடையை லோரியில் ஏற்றாமல் கீழே வைத்தார். பிறகு வேறு யாருக்கோ சொல்வது போல, சந்தைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். மகன் மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் இருக்கிறான். தலைச்சன் பிள்ளை. பிறந்ததில் இருந்தே நெஞ்சுச் சளி. இப்போது தானாக மூச்சு இழுக்க முடியவில்லை. மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். இவர் லோரி இறக்கப் போகும்போதெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். முடி மாரியம்மனுக்கு. மகன் வீட்டுக்கு வந்தால், இரண்டு பேருக்கும் சேர்த்து மொட்டை.

எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். நாலு எட்டு போவதற்குள் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தச் சிராய எடுக்க வேணாம்னு பக்கிரிகிட்ட சொல்லு. மவன் வரட்டும். மொட்டையோட வந்து மீதியப் படிக்கிறேன். அது வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்லா."

நான் போய்க் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகம் அவர் நினைவிலேயே வந்திருக்காது. ஆள் அனுப்பிக் கேட்டிருந்தால்கூட எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார். நானே போய் நின்று கேட்டு, அதை வேண்டுதலோடு சேர்த்துவிட்டேன்.

விழுந்த சிராய்

செய்தியைக் கேட்டதும் பக்கிரிசாமி அண்ணன் புத்தகத்தைக் கயிற்றில் இருந்து எடுத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். அடுத்த தடவை போனபோது நான் ஒரு தேயிலை முடிச்சைக் கொண்டுபோய் அதற்குக் கீழே தொங்கவிட்டேன்.

மழைக்காலம் வந்தது. ஈப்போவில் இருந்து செய்தி லோரிகளோடு ஏறி வரும். குழாயை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வாரம். மறுபடி வைத்துவிட்டார்கள் என்று இன்னொரு வாரம். அண்ணன் யாரையும் நேராகக் கேட்க மாட்டார். "கீழ மழையா?" என்று லோரிக்காரர்களிடம் ஆரம்பிப்பார். அவர்களும் மழையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் பிறகு அதைச் சொல்வார்கள். நல்ல செய்தி இல்லாத நாட்களில் அண்ணன் ஆணியில் இருந்து புத்தகத்தை எடுத்துத் துணியால் ஒருமுறை துடைத்து மாட்டுவார்.

ஒருநாள், மலையைச் சுற்றிப் பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சவரத்துக்கு வந்தார். அண்ணன் நுரை கலக்கிக்கொண்டிருந்தபோது அவர் எட்டி அந்தப் புத்தகத்தை எடுத்துச் சரசரவென்று புரட்டினார். சிராய் கீழே விழுந்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணனின் தூரிகை கிண்ணத்தில் நின்றுவிட்டது. வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு குச்சிதானே என்று அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணன் அவருக்கு ஒரு குறையும் வைக்காமல் சவரம் செய்து, மரியாதையாக அனுப்பிவைத்தார். மற்றவர்களையும் அப்புறம் வரச் சொல்லிவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"நீ படிச்சவந்தானே. எந்தப் பக்கம்னு கண்டுபுடி" என்றார்.

"நான் இதை இன்னும் படிக்கலை, அண்ணே."

"இத்தன மாசமா இது பின்னாலயே சுத்துற. படிக்கலையா?"

"கைக்கு வந்தப்புறம் படிக்கலாம்னு இருந்தேன்."

பைத்தியக்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அவரும் படித்ததில்லை. படிப்பவர்கள் சொல்லச் சொல்லக் கேட்பவர்; அவரவர் நிறுத்திய இடம் வரைக்கும்தான் அவருக்குக் கதை தெரியும்.

தண்ணீர் இடுப்பு வரைக்கும் ஏறிய இடம் என்று மணியம் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். தேடினோம். நாயகன் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பக்கங்கள் மூன்று இருந்தன. மூன்றிலும் பூட்டு இருந்தது. அடுத்த பக்கங்கள் கண்ணில் படாமல் இருக்க நான் கையால் மறைத்துக்கொண்டே பார்த்தேன்.

"தப்பான எடத்துல வெச்சுட்டா?" என்றார் அண்ணன். வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஒரு மூங்கில் சிராய்க்கும் ஈப்போவில் ஒரு குழந்தையின் மூச்சுக்கும் சம்பந்தமில்லை. அது எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் இரண்டு பேரும் சிராயை எந்தப் பக்கத்திலும் வைக்கத் துணியவில்லை. அடுப்பில் வெந்நீர் கொதித்து மூடியைத் தள்ளியது. யாரும் எழுந்து போகவில்லை.

கடைசியில் எங்கள் ஊர் ஈரம் உதவியது. பக்கங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில், தண்ணீருக்கும் பூட்டுக்கும் குறுக்காக, மங்கலான பழுப்புக் கோடு ஓடியது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்த சிராய், காகிதத்தில் பதிந்துபோயிருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே சிராயைப் படுக்க வைத்து, புத்தகத்தை மூடினோம். அண்ணன் அதன்மேல் ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு இறுக்கினார். நான் தடுக்கவில்லை.

அடுத்த முறை

எஸ்டேட் கோயில் திருவிழா முடிந்த வாரம் அது. கோயிலில் மணியம் அண்ணனுக்கும், வீடு திரும்பிய பிள்ளைக்கும் மொட்டை போட்டது பக்கிரிசாமி அண்ணன்தான். அங்கே புத்தகப் பேச்சை எடுத்தீர்களா என்று கேட்டேன். கோயில் வேறு, கடை வேறு என்று சொல்லிவிட்டார்.

பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். கதவில் நிழலாடியது. மணியம் அண்ணன் மகனைத் தூக்கிக்கொண்டு நின்றார். இரண்டு தலையிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. தாடியும் இல்லை. முகம் எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது. குழந்தைக்குக் கம்பளிச் சட்டை தொளதொளவென்று இருந்தது. புறங்கையில் ஊசி குத்திய தடம் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

"வந்துட்டேன்லா" என்றார். ஆனால் உள்ளே வரவில்லை.

எனக்குப் பிறகுதான் உறைத்தது. வெட்டவும் மழிக்கவும் அவரிடம் ஒன்றும் இல்லை. வேலை இல்லாதவர் பெஞ்சில் உட்கார்ந்து படிப்பது அந்தக் கடையில் வழக்கமில்லை. அவரும் அதை மீறத் தயாராக இல்லை. அண்ணன் அவர் தலையைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கிராணி, நீ ஏறு."

"திருவிழாவுக்கு முந்திதானே வெட்டுனேன், அண்ணே."

"ஏறுய்யா." மணியம் அண்ணன் பக்கம் திரும்பி, "ஒனக்கு முன்ன ஒரு ஆள் இருக்கு. உக்காரு" என்றார்.

துணியைப் போர்த்திக் கழுத்தில் இறுக்கினார். தண்ணீர் தெளித்தார். சீப்பால் வாரினார். அதன் பிறகு கத்தரி என் தலைக்கு மேலே காற்றைத்தான் வெட்டியது. ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் முடித்து, தள்ளி நின்று பார்த்து, மறுபக்கம் போனார். கத்தரியை மாற்றினார். நின்ற இடத்திலேயே மறுபடி ஆரம்பித்தார்.

நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மணியம் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்து, ரப்பர் வளையத்தைக் கழற்றினார். சிராயை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். குழந்தை கத்தரிச் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருமுறை இருமியது. மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். அடுத்த இருமல் வரவில்லை. அவர் மறுபடி படித்தார். அண்ணன் மறுபடி வெட்டினார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், முந்திய பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். புத்தகத்தை மூடினார்.

"முடிஞ்சிருச்சா?" என்றார் பக்கிரிசாமி அண்ணன்.

"முடிஞ்சிருச்சு."

"என்னா ஆச்சு?"

அத்தனை வருஷத்தில் அவர் ஒரு கதையின் முடிவைக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. மணியம் அண்ணன் என்னைக் கண்ணாடியில் பார்த்தார்.

"பொழச்சுக்கிட்டான்" என்றார். "பூட்டைத் தெறந்து வுட்டது யாருன்னு மட்டும் கிராணி படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

எழுந்து வந்து புத்தகத்தை என் பக்கம் நீட்டினார். மாற்றுப் புத்தகம் பல மாதமாக என் பையிலேயே கிடந்து ஓரம் மடங்கியிருந்தது. அதை எடுக்கத் துணிக்கு அடியில் இருந்து கையை வெளியே கொண்டுவருவதற்குள், அவர் இடுப்பில் இருந்த குழந்தை குனிந்து கப்பல் அட்டையைப் பிடித்துக்கொண்டது. அட்டை ஊக்கருகே விரிந்து விலகியது.

அண்ணன் கத்தரியை வைத்துவிட்டு, அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொண்டது.

"என்னா இது, வுட மாட்டேங்குறான்."

மணியம் அண்ணன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரில என் வெரலக் குடுத்தா, புடிக்கவே மாட்டான்லா" என்றார்.

"வுடுங்கண்ணே" என்றேன். "இழுக்கட்டும்."

பக்கிரிசாமி அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். அவன் இழுத்தான்.